ஏப்ரல் மாதப் புயல் கணிப்பை வைத்துப் படகு நிறுத்தும் இடத்தை முடிவு செய்யலாமா?

அலைநுரை (கேள்வி)

12 மீட்டர் பாய்மரப் படகு, 2 மீட்டர் ஆழக் கீல் (அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கனமான துடுப்பு). மே கடைசி வரை கிழக்குக் கரீபியனில் ஓட்டம். ஜூன் முதல் நவம்பர் வரை ஆளில்லாமல் கரையேற்றி வைக்க வேண்டும். கையில் இரண்டு யார்டுகள் இருக்கின்றன. ஒன்று விர்ஜின் தீவுகளில், 18 டிகிரி வட அட்சத்தில். இன்னொன்று கிரெனடாவில், 12 டிகிரியில். நவம்பரில் மறுபடி கிளம்புவதற்கு வடக்கே இருப்பதுதான் தோது.

கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகம் அட்லாண்டிக் புயல் எண்ணிக்கையை ஏப்ரலிலேயே சொல்லிவிடுகிறது. மே கடைசியில் அமெரிக்க அரசின் வானிலை, கடல் ஆய்வு அமைப்பான நோவாவும் சொல்கிறது. எல் நினோ (பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாவது) வரப்போகிறது, புயல் குறைவு என்று இரண்டும் ஒத்துச் சொன்னால் வடக்கு யார்டிலேயே விட்டுவிடலாமா? இந்தக் கணிப்புகளுக்குப் படகுக்காரர்கள் எவ்வளவு மதிப்பு கொடுக்கலாம்?

வளிக்கோடு

இடத்தை முடிவு செய்ய அது உதவாது.

வட அட்லாண்டிக், கரீபியன், மெக்சிகோ வளைகுடா மூன்றையும் சேர்த்த மொத்தக் கணக்கு அது. 1991–2020 சராசரிப்படி பெயர் சூட்டப்பட்ட புயல்கள் 14, அவற்றில் வலுத்துக் கடும்புயலாகி ஹரிக்கேன் ஆனவை 7, ஐந்து படி வலிமை அளவில் கேட்டகரி 3-ஐயோ அதற்கு மேலோ எட்டிய பெரிய ஹரிக்கேன்கள் 3. "இந்த வருஷம் 11" என்றால் இத்தனை பெரிய பரப்பில் எங்கோ 11. அசோர்ஸ் பக்கம் இரண்டு நாள் சுற்றிவிட்டுக் கலைந்துபோவதும் அதில் ஒன்று, உங்கள் யார்டு மேலேயே ஏறிப்போவதும் ஒன்று. இது கரை கடக்கும் இடத்துக்கான கணிப்பு அல்ல என்று நோவா தன் அறிக்கையிலேயே எழுதுகிறது. அது தரும் எண்களும் 70 சதவீத வாய்ப்புள்ள வீச்சுதான்.

அந்த எண்ணிக்கையும் சறுக்கியிருக்கிறது. 2013 ஏப்ரலில் கொலராடோ சொன்னது 18 புயல், 9 ஹரிக்கேன், 4 பெரிய ஹரிக்கேன். வந்தது 14, 2, 0. 2017 ஏப்ரலில், எல் நினோ வரக்கூடும் என்று 11, 4, 2 என்றார்கள். எல் நினோ வரவில்லை; கணக்கு 17, 10, 6 என்று முடிந்தது. செப்டம்பர் 6-ல் இர்மா விர்ஜின் தீவுகளைத் துடைத்துப் போட்டதும், இரண்டே வாரத்தில் மரியா வந்ததும் அந்த வருஷம்தான். நீங்கள் கேட்கிற அதே தீவுகள், நீங்கள் எதிர்பார்க்கிற அதே "குறைவு" என்ற கணிப்பு.

எண்ணிக்கை பலித்தாலும் நிம்மதி இல்லை. 1992-ல் பெயர் வைத்த புயல்கள் மொத்தமே 6. முதல் பெயர் ஆண்ட்ரூ. ஆகஸ்ட் 24-ல் கேட்டகரி 5 ஆகத் தெற்கு ஃபுளோரிடாவைத் தாக்கியது. மறுபக்கம் 2010: 19 புயல், 12 ஹரிக்கேன், ஆனால் அமெரிக்கக் கரையில் ஒரு ஹரிக்கேன்கூட ஏறவில்லை. அதற்காக அதை நல்ல வருஷம் என்று செயின்ட் லூசியாக்காரர்களிடம் சொல்லிவிட முடியாது. அக்டோபர் கடைசியில் தாமஸ் அங்கே போனது.

ஏப்ரல் கணிப்பு பலவீனமாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. எல் நினோ வலுத்தால் கரீபியனுக்கு மேலே உயரத்தில் மேற்குக் காற்று பலமாகும், கீழே வழக்கமான கிழக்குக் காற்று. இந்த முரண்தான் விண்ட் ஷியர். அது புயலின் தலையை ஒரு பக்கமும் உடலை ஒரு பக்கமும் இழுத்துச் சாய்த்துவிடும். ஆகவே எல் நினோவைச் சரியாகச் சொன்னால் பாதிக் கணிப்பு கைக்கு வந்த மாதிரி. ஆனால் மார்ச், ஏப்ரலில் பசிபிக்கின் போக்கைக் கணிப்பதுதான் மாடல்களுக்கு மிகக் கடினம். ஆகஸ்ட் முதல் வாரத் திருத்தம் எவ்வளவோ மேல். அதற்குள் உங்கள் படகு கரையில் தாங்கு ஸ்டாண்டில் ஏறி இரண்டு மாதம் ஆகியிருக்கும். கணிப்பு நம்பும்படி ஆகிற நேரத்தில், அதை வைத்து முடிவெடுக்க எதுவும் மிச்சமிருக்காது.

கீல்தச்சன்

மேலே சொன்னது சரி. ஆனா உங்க கேள்விக்குப் பாதி பதில் இன்சூரன்ஸ் பாலிசியிலேயே இருக்கும், முதல்ல அதை எடுத்துப் படிங்க. "பெயரிடப்பட்ட புயல்" என்ற பத்தியைத் தேடுங்க. ஜூன் 1-லிருந்து நவம்பர் 30 வரைக்கும் எந்த அட்சத்துக்குத் தெற்கே இருக்கணும்னு போட்டிருக்கும். 12 டிகிரி 40 நிமிஷம் ரொம்ப நாளா புழக்கத்துல இருக்கிற கோடு, பாலிசிக்குப் பாலிசி மாறும். கணிப்பு "குறைவு"ன்னு வந்தா அந்தக் கோடு நகராது. வடக்கே விட ஒத்துக்கிட்டாலும் டிடக்டிபிள் (சேதத்துல நீங்க கையிலேருந்து கட்டற பங்கு) இரட்டிப்பாகலாம், எழுத்துல புயல் திட்டம் கேப்பாங்க.

அதுக்காகக் கோட்டுக்குத் தெற்கே போய்ட்டா பயமில்லைன்னு நினைச்சுடாதீங்க. 2004 செப்டம்பர் 7-ல ஐவன் கிரெனடாவை ஒட்டியே போய்த் தாக்கிச்சு. அடுத்த வருஷம் ஜூலையில எமிலி. 2024 ஜூலை 1-ல பெரில் கேட்டகரி 4 ஆகக் கரியாகு தீவுல ஏறிச்சு. கரியாகு 12 டிகிரி 30 நிமிஷம் சுமார், அதாவது கோட்டுக்குத் தெற்கேதான். அங்கே இருக்கிற டிரல் பே சதுப்புநிலக் காட்டுக்குள்ள ஒதுங்கின படகுகளும் தப்பலை. தெற்கே போனா வாய்ப்பு குறையும், அவ்வளவுதான். இன்னும் குறைக்கணும்னா டிரினிடாட், 10 டிகிரி 40 நிமிஷம்.

எந்த யார்டா இருந்தாலும் கேக்க வேண்டியது இது. கீலை இறக்கி வைக்கக் குழி இருக்கா? படகைத் தரையோட கட்டக் கான்கிரீட்ல பதிச்ச வளையம் இருக்கா, இல்ல மண்ணுல திருகின ஆணியா? ஸ்டாண்டுகளை ஜோடி ஜோடியா அடியில சங்கிலி போட்டுப் பிணைப்பாங்களா? இல்லைன்னா படகு ஆடும்போது ஸ்டாண்டு வெளியே நடந்து போயிடும். ஸ்டாண்டு காலுக்குக் கீழே தடிப் பலகை வேணும், புயலுக்கு முன்னாடி வர்ற மழையிலேயே மண் குழைஞ்சிடும். பாய்மரத்தைக் கழட்டிப் படுக்க வைக்க முடிஞ்சா ரொம்ப நல்லது.

நீங்க செய்ய வேண்டியது: முன்பாயைச் சுருட்டி ஃபர்லர்லயே (பாயைச் சுருட்டற கருவி) விட்டுட்டுப் போகாதீங்க. காத்துல ஒரு முனை அவிழ்ந்தா போதும், முழுப்பாயும் விரிஞ்சு படபடன்னு அடிச்சுப் படகை ஸ்டாண்டுலேருந்து தள்ளிடும். அது விழற இடத்துல பக்கத்துப் படகு நிக்கும். பிமினி (வெயிலுக்குப் போடற துணிக் கூரை), சோலார் பேனல், காற்றாலை இறக்கை எல்லாம் உள்ளே போகணும். காக்பிட் (படகை ஓட்டற திறந்த இடம்) வடிகால்ல இலை அடைச்சா மழைத்தண்ணி உள்ளே இறங்கும், பேட்டரி தீர்ந்ததும் அதை வெளியேத்துற பில்ஜ் பம்ப் நின்னுடும். அடியில வடிகால் அடைப்பான் இருந்தா திறந்தே விடுங்க.

தென்கடல்

கணிப்பை ஒரேயடியாகத் தள்ளிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. இடத்தை முடிவு செய்ய உதவாது, சரி. தேதியை முடிவு செய்யக் கொஞ்சம் உதவும்.

முதலாவது, சீசனின் முன்முனை. 2024-ல் ஏப்ரலிலிருந்தே எல்லோரும் அதிகம் என்றார்கள், அட்லாண்டிக் வெப்பநிலை வழக்கத்தைவிட மிக அதிகம் என்றும் சொன்னார்கள். மே மாதம் நோவா தந்த வீச்சு 17–25 புயல், வந்தது 18. அப்படிப்பட்ட வருஷத்தில் "ஜூலை நடுவில் தெற்கே நகர்ந்துகொள்ளலாம்" என்று இருந்தவர்கள் பெரிலிடம் மாட்டினார்கள். தண்ணீர் அவ்வளவு சூடாக இருந்தால் ஜூன் முதல் வாரத்துக்குள் கரையேற்றும் இடத்தைப் பதிவு செய்துவிடுவது புத்திசாலித்தனம்.

இரண்டாவது, பின்முனை. லா நினா (எல் நினோவுக்கு நேர் எதிரானது) வருஷங்களில் மேற்குக் கரீபியன் அக்டோபர், நவம்பரிலும் ஓயாது. 2020 நவம்பரில் எட்டாவும் அயோட்டாவும் இரண்டு வார இடைவெளியில் நிகரகுவாவில் கரை கடந்தன. அந்த மாதிரி வருஷம் என்று தெரிந்தால் நவம்பர் முதல் தேதியே கிளம்பத் துடிக்க வேண்டாம். கிழக்குக் கரீபியனிலும் நவம்பரைச் சும்மா நினைக்கக் கூடாது. 1999 நவம்பரில் லென்னி மேற்கிலிருந்து கிழக்கே வந்தது. கிழக்குக் காற்றுக்கு மறைவு என்று எல்லோரும் நங்கூரம் போடும் மேற்குப் பக்கத் துறைகள்தான் அதற்கு நேர் முகம்.

இன்னொன்று, எல் நினோ என்றதும் எல்லாக் கடலுக்கும் நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அட்லாண்டிக்கில் குறைகிற அதே வருஷத்தில் கிழக்குப் பசிபிக்கில் புயல் கூடும். அங்கே சீசனே மே 15-ல் தொடங்கிவிடும். 2023 அக்டோபரில் ஓடிஸ் சாதாரணப் புயலாக இருந்து ஒரே நாளில் கேட்டகரி 5 ஆகி அகாபுல்கோவில் ஏறியது எல் நினோ வருஷத்தில்தான். அங்கே நின்ற படகுகளுக்குத் தயாராக ஒரு முழு நாள்கூட இருக்கவில்லை.

அலைநுரை

மூவருக்கும் நன்றி. தெற்கு யார்டு என்று முடிவு செய்துகொண்டேன். ஒரு கிளைக்கேள்வி: ஜூன் கடைசி வரை தண்ணீரிலேயே இருக்க நேர்ந்தால் தினமும் எதைப் பார்ப்பது, எந்தக் கட்டத்தில் நகர்வது?

வளிக்கோடு

வாரம் ஒரு தடவை, செவ்வாய்க்கிழமை, நோவாவின் இரண்டு–மூன்று வார வெப்பமண்டல ஆபத்து வரைபடம். 30–60 நாளில் பூமியைச் சுற்றிவரும் மேகக்கூட்ட அலை அட்லாண்டிக் பக்கம் வருகிறதா என்று அதில் தெரியும். உங்கள் மாதிரி ஆளுக்குப் பருவகாலக் கணிப்பைவிட இது பத்து மடங்கு பயன்.

தினமும் தேசிய ஹரிக்கேன் மையத்தின் 7 நாள் வரைபடம். மஞ்சள் 40 சதவீதத்துக்குக் கீழ், ஆரஞ்சு 40–60, சிவப்பு அதற்கு மேல். ஆப்பிரிக்கக் கரைக்கும் உங்களுக்கும் நடுவே ஆரஞ்சு வந்தாலே டீசல், தண்ணீர் நிரப்பி, நங்கூரம் ஏற்றத் தயாராக இருங்கள். சிவப்பு ஆகும்வரை காத்திருக்க வேண்டாம். பெரில் ஜூன் 28-ல் வெறும் தாழ்வு மண்டலம், மூன்றே நாளில் கேட்டகரி 4.

புயலுக்குப் பெயர் வைத்த பிறகு 1-2-3 விதி. ஹரிக்கேன் மையம் தரும், 34 நாட் (மணிக்கு 34 கடல்மைல்) காற்று எட்டும் ஆரத்தோடு 24 மணி நேரத்துக்கு 100, 48-க்கு 200, 72-க்கு 300 கடல்மைல் சேருங்கள். 48 மணியில் ஆரம் 120 என்றால் 320 கடல்மைல் வட்டத்துக்குள் நீங்கள் இருக்கக் கூடாது. இப்போது கணக்குப் போடுங்கள்: 5 நாட் வேகத்தில் உங்கள் படகு 48 மணியில் போகிற தூரம் 240. புயல் 15 நாட்டில் வந்தால் 720. துரத்தலில் ஜெயிக்க முடியாது. அதனால் மேற்கே ஓடாமல், புயல் பாதைக்குக் குறுக்கே தெற்கு நோக்கி, மூன்று நாள் முன்பே போக வேண்டும். வரைபடத்தில் தெரியும் கூம்பு, புயலின் மையம் போகக்கூடிய இடத்தை மட்டும் காட்டுவது, அதுவும் மூன்றில் இரண்டு தடவைதான் உள்ளே நிற்கும். காற்று அதற்கு வெளியேயும் அடிக்கும்.

கீல்தச்சன்

நகர முடியாம மாட்டிக்கிட்டா கயிறு விஷயத்துல ஒண்ணு. நைலான் கயிறு மேல ரப்பர் குழாயை மாட்டித் தேய்மானம் தடுத்தாச்சுன்னு விட்டுடறாங்க. நைலான் இழுபட்டு இழுபட்டு உள்ளேயே சூடாகும், குழாய் மழைத்தண்ணியை உள்ளே விடாது, கயிறு உள்பக்கமா உருகி அறுந்துடும். விளிம்புல உரசற பகுதிக்கு மட்டும் பாலியெஸ்டர் கயிறு, அதுக்கு அப்பால நைலான்னு இணைச்சுக்குங்க. உறை போட்டா தண்ணி ஊறுற துணி உறையா போடுங்க.