தமிழும் மலையாளமும் சேர்ந்த பேனர்: கடையில் எழுத்து உடைகிறது, துணியில் நிறம் மங்குகிறது. வழி சொல்லுங்கள்

பனங்கருக்கு:
எல்லாருக்கும் வணக்கம். கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் பொங்கலுக்கு பேனர் வரைகிறேன். லேப்டாப்பில் க்ரிட்டா என்ற ஓவிய மென்பொருள், சின்னதாக ஒரு பேனா டேப்லெட், அவ்வளவுதான். பனை வரிசை, கரகம் எடுத்து வரும் பெண்கள், மேலே அம்மன் முகம். படம் மனதுக்குப் பிடித்த மாதிரி வந்துவிட்டது. அச்சுக்குப் போனால்தான் தொல்லை.

முதலில் எழுத்து. தமிழ் பேசுகிறவர்களும் மலையாளம் பேசுகிறவர்களும் சேர்ந்து எடுக்கிற விழா, அதனால் இரண்டு மொழியும் கட்டாயம் வேண்டும். வாசகத்தை வாட்ஸப்பில் அனுப்பினேன். கடையில் அதை ஃபோட்டோஷாப்பில் ஒட்டினால் 'கோயில்' என்பதில் கொம்பு க-வுக்கு அப்புறம் போய் நிற்கிறது. 'பொங்கல்' அதைவிட மோசம், நடுவில் புள்ளி வட்டமே வந்துவிட்டது. மலையாளத்தில் கூட்டெழுத்தெல்லாம் பிரிந்து சந்திரக்கலையோடு (நம் புள்ளி மாதிரியான மலையாளக் குறி) கிடக்கிறது. "பாமினியில் அடித்துக் கொண்டு வா" என்று ஒரு பழைய தமிழ் ஃபான்டைச் சொல்கிறார்கள்.

அடுத்தது நிறம். பொள்ளாச்சியில் ஃபிளெக்ஸில் ஒரு மாதிரி எடுத்துப் பார்த்தபோது பளிச்சென்று இருந்தது. இங்கே கேரளத்தில் பி.வி.சி. ஃபிளெக்ஸுக்குத் தடை, அதனால் துணியில் அடிக்கிறோம். துணி மாதிரியில் பனை ஓலையின் பச்சை சாம்பல் பூசியது போல வந்திருக்கிறது. பேனர் 6 அடிக்கு 4 அடி. கோப்பு ஏ4 அளவு, 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி). என்ன செய்யலாம்?

செங்கோட்டைத் தூரிகை:
தம்பி, எழுத்து விஷயத்தை நான் சொல்கிறேன். செங்கோட்டையிலும் இதே கதைதான். ஆரியங்காவு வழியாக கேரளப் பக்கம் போகிற நோட்டீஸ் எல்லாம் இரண்டு மொழியில்தான் போகும்.

உங்கள் வாசகத்தில் தப்பில்லை. யூனிகோடில், அதாவது இப்போது ஃபோனிலும் கணினியிலும் பொதுவாக இருக்கிற எழுத்துக் குறியீட்டு முறையில், 'கொ' என்பது இரண்டே குறிகள்: முதலில் க, அடுத்து ஒகரக் குறி. அந்தக் குறியைப் பிரித்து, கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் கொண்டுபோய் வைப்பது மென்பொருளுக்குள் இருக்கிற எழுத்து அடுக்கும் பகுதியின் வேலை. அது இந்திய எழுத்துகளுக்குத் தயாராக இல்லையென்றால் வந்த வரிசையிலேயே வைத்துவிட்டுப் போய்விடும். மலையாளக் கூட்டெழுத்து பிரிவதற்கும் இதே காரணம்தான். எந்த ஃபான்ட் மாற்றினாலும் சரியாகாது. கடையில் ஃபான்டை மாற்றி மாற்றிப் பார்த்து நேரத்தைக் கழிப்பார்கள், விடாதீர்கள்.

கடைக்காரரிடம் மரியாதையாக இதைச் சொல்லிப் பாருங்கள். சில வருடங்களுக்கு முந்தைய ஃபோட்டோஷாப் பதிப்புகளில் ப்ரிஃபரன்சஸ், அதில் டைப், அங்கே டெக்ஸ்ட் எஞ்சின் தேர்வு இருக்கும். 'வேர்ல்ட் ரெடி லேஅவுட்' என்பதைத் தேர்ந்து (சிஎஸ்6-இல் அதன் பெயர் 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்') மென்பொருளை மூடித் திறக்க வேண்டும். ஏற்கெனவே திறந்திருக்கிற கோப்பு தானாக மாறாது, புதிய கோப்பில் ஒட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கும் பழைய பதிப்பு வைத்திருந்தால் அவர்களை வற்புறுத்திப் பயனில்லை.

பாமினியில் அடிப்பதும் ஒரு வழிதான், மறுக்கவில்லை. அதில் 'கொ' வேண்டுமென்றால் கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே கொம்பு, க, கால் என்று என், எஃப், எச் விசைகளைத் தட்டுவோம். தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருப்பதால் எந்தப் பழைய மென்பொருளும் உடைக்காது. ஆனால் அந்த ஃபான்ட் இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துகள்தான் தெரியும். மலையாளத்துக்கு வேறு ஃபான்ட், வேறு விசை முறை. ஒரே பேனரில் இரண்டு மொழிக்கும் இப்படிச் செய்தால் கடைசி நேரத்தில் ஒரு பெயரைத் திருத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

என் வழி இது. எழுத்தை இங்க்ஸ்கேப் என்ற கோட்டு வடிவ மென்பொருளில் அடுக்குங்கள். இலவசம், தமிழும் மலையாளமும் ஒழுங்காக வரும். முடிந்ததும் எழுத்தைத் தேர்ந்து, பாத் மெனுவில் 'ஆப்ஜெக்ட் டு பாத்' கொடுங்கள். அதன்பின் அது எழுத்தே இல்லை, வெறும் கோட்டு வடிவம். எந்த ஊரில் எந்த மென்பொருளில் திறந்தாலும் கொம்பு இருந்த இடத்தில்தான் இருக்கும். பிடிஎஃப்-ஆகச் சேமித்து அனுப்புங்கள். ஆனால் பாத் ஆக்கிய பிறகு எழுத்துப்பிழை திருத்த முடியாது. அதனால் மாற்றும் முன் ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டு, மலையாள வரிகளைப் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.

க்ரிட்டாவிலேயே எழுதலாமா என்று கேட்பீர்கள். 2023-இல் வந்த 5.2 பதிப்பில் எழுத்து அடுக்கும் பகுதியைப் புதிதாக எழுதினார்கள், இப்போது தமிழ் உடையாமல் வருகிறது. ஆனாலும் அச்சுக்கு எழுத்து தனியாக, கோட்டு வடிவில் இருப்பதுதான் நல்லது. காரணத்தை அளவு பற்றிப் பேசுகிறவர்கள் சொல்வார்கள்.

நகரி நூல்:
ஃபான்ட் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு மொழி பேனரில் ஒரு மொழி தடியாகவும் இன்னொன்று மெலிந்தும் இருந்தால், மெலிந்த மொழிக்காரர்களை ஓரமாக உட்கார வைத்தது போல இருக்கும். ஆந்திராவில் எங்கள் ஊர் நகரியில் தமிழும் தெலுங்கும் சேர்த்து எழுதும்போது நான் இதை ரொம்பக் கவனிப்பேன். ஒரே குடும்பத்து ஃபான்டாக எடுங்கள். ஏக் டைப் என்ற ஃபான்ட் வடிவமைப்புக் குழுவினரின் பலூ குடும்பத்தில் தமிழுக்கு பலூ தம்பி, மலையாளத்துக்கு பலூ சேட்டன், தெலுங்குக்கு பலூ தம்முடு. தலைப்புக்குத் தடிமனாக, உருண்டையாக, திருவிழாவுக்குப் பொருத்தமாக இருக்கும். நேரம், தேதி மாதிரி சின்ன வரிகளுக்கு அவர்களுடைய அனெக் குடும்பம். அதில் மெல்லியதிலிருந்து தடிமன்வரை எல்லாம் உண்டு. இரண்டும் திறந்த உரிமத்தில் வருபவை, அச்சுக்குக் காசு கேட்க மாட்டார்கள்.

வாளையார் அச்சு:
பேனர் அச்சு என் தொழில், அதனால் அளவும் நிறமும் நான் சொல்கிறேன்.

6 அடி என்றால் 72 அங்குலம். உங்கள் ஏ4 கோப்பைக் குறுக்காக வைத்தால் அகலம் 3508 பிக்சல். அதை 72 அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 49 பிக்சல்கூட வராது. தள்ளி நின்று பார்க்கிற படத்துக்கு அது ஓரளவு தாங்கும், எழுத்துக்குத் தாங்காது, ஓரம் பிசிறும். எழுத்து கோட்டு வடிவில் இருந்தால் இந்தக் கவலையே இல்லை. செங்கோட்டை அண்ணன் சொன்ன காரணம் இதுதான். அடுத்த முறை வரையத் தொடங்கும்போதே 5184க்கு 3456 என்று கேன்வாஸ் வையுங்கள். 6க்கு 4 அடியில் 72 டிபிஐ கிடைக்கும், பேனருக்கு அது போதும். இன்னொன்று, ஏ4-இன் விகிதமும் 6க்கு 4-இன் விகிதமும் ஒன்றல்ல. அகலத்துக்குச் சரியாக இழுத்தால் உயரத்தில் கிட்டத்தட்ட மூன்று அங்குலம் வெட்டுப்படும். அம்மனின் கிரீடம் மேல் விளிம்பை ஒட்டியிருந்தால் இப்போதே கீழே இறக்கிவிடுங்கள்.

கோப்பைப் பெரிதாக்க ஏஐ செயலியில் போடாதீர்கள். படத்தைத் தேற்றிவிடும், ஆனால் பின்னணியில் எழுத்து ஏதாவது இருந்தால் அதைக் கிறுக்கலாக்கிவிடும். தமிழ் எழுத்து மாதிரியே இருக்கும், படிக்க முடியாது.

இனி நிறம். திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு நான்கு மையால் காட்டுகிறது. திரையில் மின்னுகிற பச்சையையும் நீலத்தையும் அந்த நான்கு மை கலந்து எட்ட முடியாது. ஃபிளெக்ஸின் மேல் மை படலமாக நிற்பதால் பளபளப்பு கிடைக்கும். துணி மையைக் குடிக்கும். அதனால் அதே கோப்பு ஒரு படி மங்கித்தான் வரும். கடைக்காரர் மேல் தப்பு இருக்காது.

க்ரிட்டாவில் 'சாஃப்ட் ப்ரூஃபிங்' என்று ஒன்று உண்டு, கன்ட்ரோல் ஒய் அழுத்தினால் அச்சில் எப்படி வரும் என்று ஏறக்குறையக் காட்டும். கன்ட்ரோல் ஷிஃப்ட் ஒய் அழுத்தினால் அச்சில் எட்டாத இடங்களைத் தனி நிறத்தில் குறித்துக் காட்டும். கடையில் அவர்களுடைய துணிக்கான ஐசிசி ப்ரொஃபைல் (அந்தத் துணியில் நிறம் எப்படி வரும் என்று சொல்லும் கோப்பு) இருந்தால் வாங்கி, இமேஜ் ப்ராப்பர்ட்டீஸில் சேருங்கள். உங்கள் ஓலை முழுக்க அந்த எச்சரிக்கை நிறத்தில் வரும் என்று நினைக்கிறேன். பச்சையில் நீலச் சாயலைக் குறைத்து மஞ்சளைக் கூட்டுங்கள், நிழலில் கறுப்பைக் குறையுங்கள். பக்கத்தில் கரகப் பெண்களின் சேலைச் சிவப்பு இருக்கிறதே, அதை ஆழமாக்கினால் பச்சை தானாகவே எடுப்பாகத் தெரியும். அப்புறம் அரை அடித் துண்டில் அம்மன் முகமும் ஒரு ஓலையும் மட்டும் அடித்துப் பாருங்கள். முழு பேனரை அடித்துவிட்டு வருந்துவதை வாரத்துக்கு ஒருமுறையாவது பார்க்கிறேன்.

பனங்கருக்கு:
மூன்று பேருக்கும் நன்றி. இங்க்ஸ்கேப்பில் அடுக்கி பாத் ஆக்கிக் கொடுத்தேன், கடையில் தமிழ் அப்படியே நின்றது. பலூ தம்பியும் பலூ சேட்டனும் பக்கத்தில் பக்கத்தில் நன்றாகவே இருக்கின்றன. பச்சையை மாற்றி மாதிரித் துண்டு அடித்தோம், இப்போது ஓலை ஓலை மாதிரி இருக்கிறது, கமிட்டியில் ஒத்துக்கொண்டார்கள். இரண்டு விஷயம் பாக்கி. துணி மாதிரியில் சின்னக் கறுப்பு எழுத்துக்கு ஓரத்தில் சிவப்பு நிழல் மாதிரி தெரிகிறது. மலையாளத்தில் சில சொற்களின் கடைசியில் சில்லு எழுத்து (உயிர் சேராத மெய்க்கான தனி வடிவம்) வர வேண்டிய இடத்தில் முழு 'ன'-வும் சந்திரக்கலையும் வருகிறது, மற்றதெல்லாம் சரி.

வாளையார் அச்சு:
சிவப்பு நிழலுக்குக் காரணம், இங்க்ஸ்கேப் தருகிற கறுப்பு ஆர்ஜிபி, அதாவது திரைக்கான கறுப்பு. அச்சுக்கு மாற்றும்போது அது நான்கு மையும் கலந்த கறுப்பாகிவிடும். துணி இம்மி நகர்ந்தாலும் மற்ற மைகள் ஓரத்தில் எட்டிப் பார்க்கும். சின்ன எழுத்தெல்லாம் 'கே 100', அதாவது கறுப்பு மை மட்டும் என்று கடையில் மாற்றச் சொல்லுங்கள், கோட்டு வடிவம் என்பதால் அவர்களுக்கு ஒரு நிமிட வேலை. நீங்களே செய்ய வேண்டுமென்றால் ஸ்க்ரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள், 2024-இல் வந்த 1.6 அல்லது அதற்குப் பிந்தையது. பழைய 1.4 வேண்டாம், அது எழுத்தை உடைக்கும். மலையாளச் சிறிய வரிகளைத் தமிழைவிடக் கொஞ்சம் பெரிதாக வையுங்கள். கூட்டெழுத்துக்குள் இருக்கிற சின்ன வெளிகளை மை பரவி அடைத்துவிடும்.

செங்கோட்டைத் தூரிகை:
சில்லுக்கு நான். 2008-இல் யூனிகோட் 5.1 வருவதற்கு முன் சில்லு எழுத்துக்குத் தனிக் குறி கிடையாது. மெய்யும் சந்திரக்கலையும் போட்டு, கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறி ஒன்றைச் சேர்த்து எழுதினார்கள். உங்களுக்கு வாசகம் கொடுத்தவர் பழைய கோப்பிலிருந்து எடுத்திருப்பார், ஒட்டும்போது அந்த இணைப்புக் குறி வழியில் விழுந்திருக்கும். அந்தச் சொற்களை மட்டும் ஃபோனில் மலையாள விசைப்பலகையில் புதிதாக அடித்து, பாத் ஆக்கும் முன் எடுத்து வைத்த பிரதியில் மாற்றுங்கள். மாற்றியதை இங்கே படமாகப் போடுங்கள், கடைக்கு அனுப்பும் முன் ஒருமுறை பார்த்துவிடுகிறேன்.