நாற்பது குரலுக்கு ஆள் தேடுகிறோம்

குழு: சேம்பர் கொயர் (சிறு பாடகர் குழு) 25ஆம் ஆண்டு

மாஸ்டர்: எல்லோருக்கும் வணக்கம். வெள்ளிவிழா ஆண்டின் கடைசிக் கச்சேரிக்கு என்ன பாடலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்கள் மிகக் குறைவு. மற்றவர்கள் படித்துவிட்டுப் போய்விட்டீர்கள், நீலக் கோடு தெரிகிறது.

சோப்ரானோ தங்கை: 👍

மாஸ்டர்: "என்ன பாடலாம்" என்ற கேள்விக்கு இது பதில் இல்லையம்மா.

பேஸ் அண்ணன்: மாஸ்டர், 25 வருஷம் சும்மா வருமா? ஆர்கெஸ்ட்ரா வைத்து ஹாண்டலின் 'மெசையா' என்ற பெரிய கிறிஸ்தவ இசைக்கோவையைச் செய்வோம். அதில் 'ஹல்லேலூயா' பாட்டு வந்ததும் மக்கள் எழுந்து நிற்பார்கள். அரங்கம் நிறையும்.

பொருளாளர்: ஆர்கெஸ்ட்ராவுக்கு யார் பணம் தருவது? பதிலை இங்கேயே எழுதவும், தனியாக எனக்கு அனுப்ப வேண்டாம்.

பேஸ் அண்ணன்: எப்போதும் இதே பேச்சு.

ஆல்டோ அக்கா: பணம் கிடக்கட்டும். 'மெசையா'வை எந்த வருஷமும் பாடலாம். இந்த வருஷம் மட்டும் செய்ய முடிகிற ஒன்றைச் சொல்லுங்கள்.

மாஸ்டர்: அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். 16ஆம் நூற்றாண்டு ஆங்கில இசையமைப்பாளர் தாமஸ் டாலிஸ் எழுதிய லத்தீன் பக்திப் பாட்டு, 'ஸ்பெம் இன் ஆலியம்'.

நூலகப் பொறுப்பு: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

டெனர் தம்பி: அண்ணா என்ன எழுதி அழித்தீர்கள்?

நூலகப் பொறுப்பு: ஒன்றுமில்லை. நாற்பது குரல் வரி உள்ள இசை நோட்டை நகல் எடுப்பவன் நான்தானே என்று நினைத்தேன், கை தானாக ஏதோ எழுதிவிட்டது.

சோப்ரானோ தங்கை: நாற்பதா? நாம் 24 பேர்தானே மாஸ்டர்?

மாஸ்டர்: ஆமாம், நாற்பது தனித்தனி வரிகள். சுமார் 1570இல் எழுதியது. ஐந்து பேர் கொண்ட எட்டுக் குழுக்கள். ஒவ்வொன்றிலும் மேல்குரலிலிருந்து கீழாக ஒரு சோப்ரானோ, ஒரு ஆல்டோ, பிறகு ஆண் குரலில் ஒரு டெனர், ஒரு பாரிடோன், ஒரு பேஸ். பக்கத்தில் நிற்பவர் பாடுவதை நாம் பாட மாட்டோம். நாம் 24 பேர், மீதி 16. இந்த 25 வருஷத்தில் நம்மோடு பாடிவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆல்டோ அக்கா: பழைய ஆட்களைக் கூப்பிடலாம் என்கிறீர்கள்.

மாஸ்டர்: மலரும் நினைவுகள் என்று மேடையில் ஏற்றி, பொன்னாடை போர்த்தி இறக்குவதில் எனக்கு விருப்பமில்லை. வந்தால் பாடட்டும். அவர்கள் இல்லாமல் பாட்டே நடக்காது என்ற இடத்தில் நிறுத்துவோம்.

பேஸ் அண்ணன்: கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பத்து வருஷம் பாடாதவரை ஒரு வரியில் தனியாக நிறுத்துவது அவரை மாட்டிவிடுவது போல இல்லையா? 'மெசையா' என்றால் பத்து பேஸ் சேர்ந்து பாடுவோம், ஒருவர் தடுமாறினாலும் தெரியாது.

மாஸ்டர்: நியாயமான கேள்வி. பாட்டின் அமைப்பைச் சொல்கிறேன். முதல் குழுவில் ஒரே ஒரு குரல் தொடங்கும். மற்றவை ஒவ்வொன்றாகச் சேரும். இசை அப்படியே அடுத்தடுத்த குழுக்களுக்கு நகரும், முதலில் பாடியவர்கள் ஓய்ந்துவிடுவார்கள். 40ஆவது அளவில்தான், அதாவது நோட்டில் கோடு போட்டுப் பிரித்த 40ஆவது தாளப் பகுதியில்தான், நாற்பது பேரும் முதன்முறையாகச் சேர்ந்து பாடுகிறோம். பிறகு எட்டாவது குழுவிலிருந்து முதல் குழுவை நோக்கித் திரும்பி வரும். நாற்பது பேரும் பாடும் இடத்தில் ஒருவர் தடுமாறினால் யாருக்கும் தெரியாது. ஒவ்வொருவராக நுழையும் இடங்களில் தெரியும். அதனால்தான் ஒவ்வொரு குழுவிலும் நம் ஆட்கள் மூன்று பேர், பழையவர்கள் இரண்டு பேர் என்று பிரிக்கிறேன். எட்டு மூன்று 24, எட்டு இரண்டு 16. கணக்கு எப்படிச் சரியாக வந்தது பாருங்கள்.

பொருளாளர்: கணக்கு சரி, ஆட்கள் சரியா? நம்மிடம் சோப்ரானோ 8, ஆல்டோ 7, டெனர் 4, பேஸ் 5. டெனர், பாரிடோன், பேஸ் எட்டெட்டு என்றால் ஆண் குரல் 24 வேண்டும், இருப்பது 9. ஆண் குரல் மட்டும் 15 குறைகிறது.

டெனர் தம்பி: உலகத்தில் எந்தக் கொயரில் டெனர் போதுமான அளவு இருந்திருக்கிறது?

ஆல்டோ அக்கா: டெனர் வரியில் இரண்டு மூன்றை நாங்கள் பாடுகிறோம். எனக்குக் கீழே நன்றாகவே போகும். பழைய ஆல்டோக்கள் நிறைய பேர் என்னோடு தொடர்பில் இருக்கிறார்கள், எங்கள் இடத்தில் அவர்கள் நிற்கட்டும்.

மாஸ்டர்: அருமை. அப்படியானால் முக்கியமாகத் தேட வேண்டியது பேஸ், பாரிடோன்தான்.

டெனர் தம்பி: மாஸ்டர், சுற்றி நின்று பாடப்போகிறோமா? வட்டம் 15 மீட்டர் அகலம் என்றால், எதிரே நிற்பவரின் சத்தம் என்னிடம் வர 40 மில்லி வினாடிக்கு மேல் ஆகும். அதைக் கேட்டு நான் பாடினால், என் குரல் அவருக்குப் போய்ச் சேரும்போது இரண்டு மடங்கு தாமதம். அவர் எனக்காகக் காத்திருந்தால் பாட்டு இழுத்துக்கொண்டே போகும்.

மாஸ்டர்: சரியாகப் பிடித்தாய். இந்தப் பாட்டில் தாளத்துக்குக் காதை நம்பக் கூடாது, என் கையைத்தான் பார்க்க வேண்டும். நோட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு பாடுகிறவர்கள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பேஸ் அண்ணன்: என்னைத்தானே சொல்கிறீர்கள். சரி, இன்னொன்று. வாத்தியத் துணை இல்லாமல் பாடினால் நாம் சுருதி இறங்குவோம். போன கச்சேரியில் முடிக்கும்போது எங்கே இருந்தோம் என்று எல்லோருக்கும் தெரியும்.

மாஸ்டர்: அதற்குச் சோர்வு மட்டும் காரணமில்லை. பியானோவின் அந்தர காந்தாரம் இயல்பான காந்தாரத்தைவிடச் சுமார் 14 சென்ட் கூடுதல். அரை ஸ்வரம் 100 சென்ட். தம்புராவில் தானாக ஒலிக்கிறதே, அந்தக் காந்தாரம்தான் இயல்பானது. பியானோ இல்லையென்றால் நல்ல காது அங்கேதான் போய் நிற்கும். அங்கிருந்தே அடுத்த ஸ்வரத்தை அளந்து எடுத்தால், சில வகை நகர்வுகளில் கொஞ்சம் கொஞ்சமாக மொத்தச் சுருதியும் நழுவும். பெனடெட்டி என்ற இத்தாலியர் 16ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். அதனால் சுருதி இறங்கினால் யாரும் யாரையும் முறைக்க வேண்டாம். 40ஆவது அளவுக்கு முன்னால் ஒத்திகையில் நிறுத்தி, கீபோர்டில் சரிபார்ப்போம்.

சோப்ரானோ தங்கை: கனடாவின் ஜேனட் கார்டிஃப் 2001இல் இந்தப் பாட்டை வைத்து ஒரு கண்காட்சி செய்தார். நாற்பது ஒலிபெருக்கி, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு குரல். நடுவில் நின்றால் பாட்டு முழுதாகக் கேட்கும், ஒரு பெட்டியின் பக்கத்தில் போனால் அந்த ஒருவர் மட்டும். அதேபோலக் கேட்கிறவர்களை வட்டத்துக்குள் உட்கார வைக்கலாமே?

மாஸ்டர்: நல்ல யோசனை. நாற்காலி போடுவது பொருளாளர் பாடு.

பொருளாளர்: வட்டத்துக்குள் போட்டால் இருக்கை குறையும். இரண்டு காட்சியாக வைத்தால் கட்டுப்படியாகும், பார்க்கிறேன்.

(ஆல்டோ அக்கா, பழைய டெனரைக் குழுவில் சேர்த்தார்)

பழைய டெனர்: அக்கா சொன்னார்கள். எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஆசைதான். ஆனால் மேலே குரல் போவதில்லை. முன்பு அனாயாசமாகப் பிடித்த இடங்களில் இப்போது காற்றுதான் வருகிறது.

மாஸ்டர்: கீழே எப்படி?

பழைய டெனர்: கீழே முன்பைவிட நன்றாக இருக்கிறது.

மாஸ்டர்: அப்படியானால் நீங்கள் பாரிடோன். ஆள் பஞ்சமே அங்கேதான்.

பழைய டெனர்: நோட்டு பார்த்தவுடன் பாடும் பழக்கமும் விட்டுப்போயிற்று மாஸ்டர்.

நூலகப் பொறுப்பு: அதற்கு நான் இருக்கிறேன். நாற்பது வரியையும் ஒரே பக்கத்தில் அச்சடித்தால் எழுத்து எறும்பு மாதிரி இருக்கும். ஒவ்வொரு குழுவுக்கும் ஐந்து வரி மட்டும் தனியாக எடுத்துத் தருகிறேன். நீண்ட ஓய்வு வரும் இடங்களில், நுழைவதற்கு முன் எந்தக் குழு பாடுகிறது என்ற குறிப்பும் இருக்கும். டாலிஸ் 1585இல் காலமானவர், அவர் இசைக்குக் காப்புரிமைத் தொல்லை கிடையாது. ஆனால் இந்தக் காலத்துப் பதிப்பாளர் திருத்தி அச்சிட்ட நோட்டை நகல் எடுக்க முடியாது. இணையத்தில் பொது உடைமைக் கொயர் நூலகத்தில் இலவசப் பதிப்புகள் இருக்கும், அதிலிருந்து எடுக்கிறேன். யாரும் கடைப் பதிப்பைப் படம் பிடித்து இங்கே போடாதீர்கள்.

நூலகப் பொறுப்பு: அப்புறம், பழைய உறுப்பினர்களைக் கூப்பிடுகிறவர்கள் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள். போகும்போது எடுத்துக்கொண்டு போன நோட்டுகளையும் கொண்டுவரட்டும். இசையமைப்பாளர் பாக்கின் மோட்டெட் (பக்திக் கூட்டுப்பாடல்) புத்தகத்தில் ஐந்து பிரதி இன்னும் வரவில்லை.

பழைய டெனர்: ஒன்று என்னிடம் இருக்கிறது. 🙏

பேஸ் அண்ணன்: என்னோடு பாடிய இரண்டு பேருக்கு இப்போதே போன் செய்கிறேன். ஒருவர் நீண்ட நேரம் நிற்க முடியாதவர். உட்கார்ந்து பாடலாமா?

மாஸ்டர்: தாராளமாக. பாட்டே பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான், அவருக்கு உயரமான ஸ்டூல் போட்டுவிடுவோம். என் கை தெரிகிற மாதிரி இருந்தால் போதும். ஐந்தாவது குழுவில் சேர்க்கிறேன், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.

பேஸ் அண்ணன்: சரி மாஸ்டர். 'மெசையா'வை அடுத்த வருஷம் மறுபடி கேட்பேன்.

பொருளாளர்: அப்போதும் நான்தான் பொருளாளர்.