தோசை மாவு நல்லா புளிச்சா விட்டமின் பி12 வருமா?

தலவாக்கலை தங்கச்சி:
அம்மா சுத்த சைவம், முட்டை கூட தொடமாட்டாங்க, பாலும் பிடிக்காது, எந்நேரமும் பிளேன்டி தான். கொழுந்து எடுக்க மலை ஏறினா கால் மரத்துப் போகுதுன்னாங்க, ரத்தம் டெஸ்ட் பண்ணினா பி12 குறைவு. கிளினிக்ல ஊசி எழுதியிருக்காங்க. பக்கத்து லயத்து அக்கா ஊசி எதுக்கு, மாவை நல்லா புளிக்க வச்சு தோசை சுட்டுக் குடு அதுலயே வரும்ங்கிறாங்க. இந்தக் குளிருக்கு அடுப்படியில வச்சாலும் மறுநாள் மத்தியானம் தான் பொங்குது. கூட நேரம் வச்சா கூட வருமா? ஸ்பைருலினான்னு ஒரு பாசி மாத்திரை பத்தியும் ஒருத்தர் சொன்னாரு.

ஹட்டன் லேப்காரன்:
தங்கச்சி, ஊசியை மட்டும் நிப்பாட்டிறாதீங்க. பி12ஐ செடியும் செய்யாது மாடும் செய்யாது, சில பாக்டீரியாவும், ஆர்க்கியாங்கிற இன்னொரு வகை நுண்ணுயிரும் தான் செய்யும். நடுவுல ஒரு கோபால்ட் அணு, சுத்தி பெரிய வளையம், முழுசா கட்டி முடிக்க 30 படி கிட்ட வேணும். மாவைப் பொங்க வைக்கிற லியூகோநாஸ்டாக்ங்கிற பாக்டீரியா சர்க்கரையை லாக்டிக் அமிலமாவும் காபனீரொட்சைட்டாவும் மாத்தும், பி12 கட்டுற வேலை அதுக்கு கிடையாது, அதனால எவ்வளவு நேரம் வச்சாலும் புளிப்பு தான் ஏறும். போலேட்ங்கிற இன்னொரு விட்டமின் கொஞ்சம் கூடலாம், நல்லது தான், ஆனா பி12 இல்லாம அதோட மாத்திரையான போலிக் அமிலத்தை மட்டும் போட்டா ரத்தம் சரியான மாதிரி காட்டும், நரம்பு உள்ளுக்குள்ள கெட்டுக்கிட்டே போகும். கால் மரக்கிறவங்களுக்கு இது தான் பெரிய ஆபத்து.

பதுளை டீச்சர்:
ஸ்பைருலினாவுல இருக்கிறது பெரும்பாலும் போலி பி12. வளையமும் கோபால்ட்டும் அச்சு அசல் அதே தான், ஆனா அடியில டைமெத்தில்பென்சிமிடசோல்ங்கிற துண்டு இருக்க வேண்டிய எடத்துல அடினீன்ங்கிற வேற துண்டை வச்சுக் கட்டிருது. நம்ம வயித்துல பி12ஐ பிடிச்சுக் கொண்டு போற புரதம் அதை சரியா பிடிக்காது. பாக்டீரியாவை வளர்த்து அளக்கிற பழைய டெஸ்ட்ல இதுவும் சேர்ந்தே கணக்காகும், அதனால லேபல்ல பெரிய நம்பர் இருந்தாலும் நம்பாதீங்க. மாட்டுக்கு இரைப்பையிலயே நுண்ணுயிர் செஞ்சு குடுக்குது, அது தான் பாலுக்கு வருது. நம்ம பெருங்குடல்லயும் செய்யுது, ஆனா உறிஞ்சுற எடம் சிறுகுடலோட கடைசி, அதைத் தாண்டின பிறகு செஞ்சு என்ன பிரயோசனம்?

தலவாக்கலை தங்கச்சி:
நன்றி டீச்சர், நன்றி அண்ணா. ஊசி மருந்து மாட்டு ஈரல்ல எடுக்கிறதான்னு அம்மா கேக்கிறாங்க, அதான் தயங்குறாங்க.

ஹட்டன் லேப்காரன்:
1948ல முதல்ல ஈரல்ல இருந்து தான் பிரிச்சாங்க. இப்ப பெரிய தாங்கியில பாக்டீரியாவை வளர்த்து, கோபால்ட் குடுத்து எடுக்கிறாங்க. அம்மாகிட்ட தைரியமா சொல்லுங்க. பின்னாடி கெப்சூல் குடுத்தா மட்டும் கூடு ஜெலட்டினான்னு கேட்டுக்கோங்க, அது மிருகத்துல இருந்து வர்றது.