ஹார்ட்வேர் காமிக்ஸ்: மீதி இதழ்கள் எங்கே கிடைக்கும்?

நண்பர்களே, மைல்ஸ்டோன் என்ற காமிக்ஸ் நிறுவனம் உருவாக்கி 1993-ல் டிசி காமிக்ஸ் வெளியிட்ட 'ஹார்ட்வேர்' தொடரை யாராவது முழுசாகப் படித்திருக்கிறீர்களா? டுவேன் மெக்டஃபி எழுத்து, டெனிஸ் கோவன் ஓவியம். கர்ட்டிஸ் மெட்காஃப் என்ற கறுப்பின விஞ்ஞானி, தன் கண்டுபிடிப்புகளில் லாபம் பார்க்கிற முதலாளி ஆல்வாவை எதிர்க்க, அந்த ஆள் காசிலேயே கவசம் செய்து மாட்டிக்கொண்டு கிளம்புகிற கதை. தொடக்கத்திலேயே கூண்டிலிருந்து தப்பிய கிளி ஒன்று ஜன்னல் கண்ணாடியில் போய் மோதும். அங்கேயே விழுந்துவிட்டேன்.

என்னிடம் இருப்பது முதல் எட்டு இதழ்களின் தொகுப்பு மட்டும், அதுவும் அட்டை கிழிந்தது. மொத்தம் 50 இதழ்களோடு 1997-ல் தொடர் நின்றுவிட்டது. மீதி 42 டிஜிட்டலிலோ பழைய பிரதியாகவோ எங்கே கிடைக்கும்? நியாயமான விலை என்றால் வாங்கத் தயார்.

அப்புறம் இன்னொன்று. 1994-ல் சூப்பர்மேன் இதழ்களோடு கலந்து வந்த 'வேர்ல்ட்ஸ் கொலைட்' என்ற கதை 14 பாகமாம். அதைப் படிக்காமல் விட்டால் ஹார்ட்வேர் கதை புரியுமா? 2021-ல் வந்த ஆறு இதழ் புதுத் தொடரை முதலில் படிக்கலாமா?

கடைசி இதழில் என்ன ஆகிறது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், புண்ணியமாய்ப் போகும்.