பழைய பாம்பன் பாலத்தைச் செப்பனிட்டு நடைபாலமாகத் திறக்க வேண்டுமா?

நிலாவெளி வாசன்:
1914 பெப்ரவரியில் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் ஓட்டம் நின்றது. 2025 ஏப்ரல் 6 இல் பக்கத்திலேயே புதிய பாலம் திறக்கப்பட்டது; பழையதைக் கழற்றி அகற்றப் போகிறார்கள் என்கிறார்கள். அதைச் செப்பனிட்டு, மக்கள் நடந்து பார்க்கத் திறந்துவிட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. அது இந்தியாவின் சொத்துத்தான். ஆனாலும் இலங்கையின் தலைமன்னாரில் கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கிய நம் முன்னோர், அந்தப் பாலத்தின் மேலாகத்தான் சிதம்பரத்துக்கும் சென்னைக்கும் போனார்கள். 1964 டிசம்பரில் நம் திருகோணமலைக் கரையைத் தாக்கிய அதே புயல்தான் பாம்பனையும் சிதைத்தது. கடலுக்குள் விழுந்த இரும்பு விட்டங்களைத் தேடியெடுத்து, ரயில்வேப் பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாட்களில் மீண்டும் ரயிலை ஓடவைத்தார்கள். அப்படிப்பட்ட பாலத்தைப் பழைய இரும்பு விலைக்கு நிறுத்துக் கொடுப்பதா?

உப்புவெளிப் பொறியாளர்:
வாசன், உங்கள் பற்றை மதிக்கிறேன். முடிவை ஏற்க முடியவில்லை. கடலோர இரும்பு எப்படிச் சாகிறது என்பதை இங்குள்ள எவரும் தம் வீட்டு வாசல் கேற்றிலேயே பார்க்கலாம். தகடும் தகடும் பொருந்தும் இடத்தில் உப்பு ஈரம் புகுந்துவிட்டால், துரு படைபடையாக ஊதி, தகடுகளைப் பிணைக்கும் ரிவெட் ஆணியையே இழுத்து அறுத்துவிடும். வெளியே எத்தனை முறை பெயின்ற் அடித்தாலும் தூரிகை அந்த இடுக்கினுள் நுழையாது. நடப்பவர்களின் பாரம் ரயிலின் பாரத்துக்கு முன் ஒன்றுமில்லைதான். ஆனால் இரண்டு கிலோமீற்றருக்கு மேல் நீளமான பாலம், யாருமே நடக்காத நாளிலும் தன் பாரத்தையும் கடற்காற்றையும் தாங்கியாக வேண்டுமே. தவிர, இரு பாலங்களும் அருகருகே நிற்பதால், கப்பல் போக இரண்டும் தம் நடுப்பகுதியைத் திறக்க வேண்டும். பழையது ஒருநாள் திறக்க மறுத்தால் கப்பல் வழியே அடைபடும்.

கிண்ணியா ஆசிரியை:
2009 இல் எங்கள் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை பாதை எனப்படும் மிதவையில் ஏறி இறங்கியவள் நான். பாலம் கட்டும் காலத்தில் மக்கள் எதில் கடப்பார்கள் என்பதைச் சரிவர யோசிக்காததன் விலையை, 2021 நவம்பர் 23 அன்று கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் மிதப்புப் பாதை கவிழ்ந்தபோது பள்ளிப் பிள்ளைகள் கொடுத்தார்கள். எனவே எந்தப் பாலத்தைப் பற்றிப் பேசினாலும் நான் கேட்பது, அதில்லாமல் யார் கடக்க முடியாமல் நிற்கிறார்கள் என்பதைத்தான். பாம்பனில் 1988 முதல் சாலைப் பாலம் இருக்கிறது, இப்போது புதிய ரயில் பாலமும் இருக்கிறது. பார்த்து மகிழ மூன்றாவதொன்றைப் பராமரிக்கும் பணத்தில், கடக்க வழியே இல்லாத எத்தனையோ ஊர்களுக்குப் பாலம் போடலாம்.

நிலாவெளி வாசன்:
ஆசிரியை அவர்களே, குறிஞ்சாக்கேணியை நினைவூட்டியபின் எதிர்த்துப் பேச நா எழவில்லை. ஆயினும் அந்தப் பணம் அந்த ஊர்களுக்குத்தான் போகும் என்று யார் உறுதி தந்தார்கள்? முழு நீளமும் வேண்டாம். கரையிலிருந்து தொடங்கும் சில கண்களையும், கப்பலுக்கு வழிவிட ஆட்கள் கையால் சுழற்றித் திறந்த ஷெர்சர் வகைத் தூக்குப் பகுதியையும் மட்டும் காக்கலாம். ஆடுகதிரையின் வளைந்த கால்போல அடிப்பாகம் பின்னோக்கி உருள, இரு இறக்கைகளும் மேலெழும் அந்த அமைப்பை இனி எங்கே பார்ப்பது?

உப்புவெளிப் பொறியாளர்:
அப்படியானால் தூக்குப் பகுதியைக் கழற்றி, பாலம் தொடங்கும் மண்டபம் ஊரின் கரையில் நிறுத்தட்டும். தரையில் நின்றால் ரிவெட் ரிவெட்டாகப் பராமரிக்கலாம், கப்பல் வழியும் தடைப்படாது. இதற்கு நான் முழு ஆதரவு.

நிலாவெளி வாசன்:
கடலை விட்டுத் தரைக்கு வந்தால் அது காட்சிப்பொருள்தான், பாலமல்ல; அதற்கு என் மனம் ஒப்பவில்லை. குறைந்தது, ஒரு விட்டத்தைக் கழற்றுமுன் ஒவ்வொரு தூணையும் சோதித்து, அந்த அறிக்கையை எல்லோரும் படிக்க வெளியிடட்டும். தாங்காது என்று அதில் இருந்தால் உங்கள் பக்கம் வருகிறேன்.