டேப்லெட்டில் கரோக்கே: ஆடியோ இன்டர்ஃபேஸ் இணைத்தும் குரல் பிந்தி வருகிறது

கேள்வி (பாம்பன்):
உறவினர்கள் கூடும் மாலைகளில் மொட்டை மாடியில் கரோக்கே பாடுவதற்காக, சி வகை போர்ட் உள்ள ஆண்ட்ராய்டு டேப்லெட்டுடன் இரண்டு மைக் செருகக்கூடிய யு.எஸ்.பி. ஆடியோ இன்டர்ஃபேஸை (மைக் ஒலியை டேப்லெட்டுக்கும், டேப்லெட்டின் ஒலியை ஸ்பீக்கருக்கும் கொண்டுசெல்லும் பெட்டி) இணைத்து, அதிலிருந்து ஸ்பீக்கருக்கு ஒயர் கொடுத்திருக்கிறேன். ஒன்று கண்டென்சர் மைக், மற்றொன்று டைனமிக். கண்டென்சர் மைக்குக்கு மின்சாரம் தரும் 48 வோல்ட் பொத்தானை அழுத்தியதும் இணைப்பு துண்டிக்கப்படுகிறது. அதை அணைத்துவிட்டு டைனமிக் மைக்கில் மட்டும் பாடினால், குரல் சற்றுப் பிந்தி ஒலிக்கிறது. தாளம் பிசகினால் பெரியம்மா மைக்கைக் கீழே வைத்துவிடுவார். அவர் நிம்மதியாகப் பாட வேண்டும் என்பதே என் விருப்பம். வழி சொல்லுங்கள்.

பதில் 1 (மண்டபம்):
முதல் சிக்கல் மின்சாரம் போதாமையால் வருவதாகத் தெரிகிறது. கண்டென்சர் மைக்குக்குத் தேவையான 48 வோல்ட்டை இன்டர்ஃபேஸ் டேப்லெட்டிலிருந்து பெறும் 5 வோல்ட்டைக் கொண்டே உருவாக்க வேண்டியிருப்பதால், சுமை கூடும்போது டேப்லெட் இணைப்பைத் துண்டித்துவிடுகிறது. தனி அடாப்டர் உள்ள யு.எஸ்.பி. ஹப்பை (பல யு.எஸ்.பி. துளைகள் உள்ள இணைப்புப் பெட்டி) இடையில் வையுங்கள். ஆனால் மொட்டை மாடிக்குக் கண்டென்சர் மைக்கே வேண்டாம் என்பது என் கருத்து. கடற்காற்றின் இரைச்சலையும் ஸ்பீக்கரின் ஒலியையும் அது சேர்த்து வாங்கி ஊளையிடும். டைனமிக் மைக்குக்கு 48 வோல்ட் தேவையே இல்லை.

பதில் 2 (கீழக்கரை):
தம்பி, தாமதத்துக்குக் காரணம் உங்கள் குரல் செல்லும் பாதை. மைக்கிலிருந்து இன்டர்ஃபேஸுக்கும், அங்கிருந்து டேப்லெட்டில் உள்ள செயலிக்கும் போய், மறுபடியும் இன்டர்ஃபேஸ் வழியாக ஸ்பீக்கருக்குத் திரும்புவதற்குள் பாட்டு முன்னே போய்விடுகிறது. ஆகவே குரலை டேப்லெட்டுக்குள் சுற்றவிட்டுக் கேட்காதீர்கள். செயலியில் தன் குரலைக் கேட்கும் வசதியை அணைத்துவிட்டு, இன்டர்ஃபேஸில் உள்ள டைரக்ட் மானிட்டர் பொத்தானை இயக்குங்கள். அப்போது குரல் மைக்கிலிருந்து நேராக ஸ்பீக்கருக்குப் போகும், பின்னணி இசை மட்டும் டேப்லெட்டிலிருந்து வரும். செயலி சேர்க்கும் எதிரொலி இந்த வழியில் கேட்காது. தாளம் முக்கியம் என்றால் அந்த இழப்பை ஏற்கலாம். குரல் ஒரு பக்க ஸ்பீக்கரில் மட்டும் வந்தால், மானிட்டரை மோனோவுக்கு (இரு பக்கமும் ஒரே ஒலி) மாற்றுங்கள்.

பாட்டைப் பதிவுசெய்வதும் செயலி தரும் மதிப்பெண்ணும் வேண்டாம், பாடினால் போதும் என்றால் இன்டர்ஃபேஸே தேவையில்லை. எதிரொலி வசதி உள்ள சிறிய மிக்ஸரில் (ஒலிகளைக் கலக்கும் பெட்டி) மைக்கைச் செருகி, டேப்லெட்டின் ஹெட்போன் துளையிலிருந்து இசையை அதன் லைன் இன்புட்டுக்குக் கொடுங்கள். எங்கள் வீட்டில் இதையே பயன்படுத்துகிறோம். மூத்தவர்களுக்கும் இது எளிது. எந்த முறையானாலும் புளூடூத் ஸ்பீக்கரைத் தவிருங்கள், அது தன் பங்குக்குத் தாமதத்தைக் கூட்டும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி, காக்கா (அண்ணா). டைரக்ட் மானிட்டரை இயக்கியதும் குரல் தாளத்தோடு சேர்ந்துவிட்டது. ஹப்பும் வாங்கி வைத்தேன், இணைப்பு துண்டிக்கப்படவில்லை. ஆனால் ஹப்பின் அடாப்டரைச் செருகினால் ஸ்பீக்கரில் ஒரு முரல் ஒலி கேட்கிறது.

பதில் 3 (மண்டபம்):
அடாப்டரையும் ஸ்பீக்கரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகிப் பாருங்கள். வெவ்வேறு பிளக் பாயின்ட்டுகளின் எர்த் வேறுபாட்டால் இந்த ஒலி வரக்கூடும். எர்த் முனையை மட்டும் ஒருபோதும் கழற்றாதீர்கள், அது உயிருக்கே ஆபத்து. அப்படியும் முரல் நிற்காவிட்டால் டைனமிக் மைக்கை மட்டும் வைத்துக்கொண்டு ஹப்பை எடுத்துவிடலாம். ஒன்று கூடுதலாக: நம் கடற்கரையின் உப்புக் காற்றில் ஜாக் முனைகள் விரைவில் களிம்பேறிக் கரகரப்பைத் தரும். பாடி முடித்ததும் எல்லாவற்றையும் கழற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் மூடியுள்ள டப்பாவில் வையுங்கள்.