நடைசாய்ப்பு: தெரியாமலே ஆளை நடத்திப்போகும் ஹேக்குக்கு ஒரு தமிழ்ச்சொல்

கதைத் தொகுப்பு, மட்டக்களப்பு:

எல்லாருக்கும் வணக்கம்.

நாம் சேர்ந்து தொகுக்கும் ஹேக்கர் கதையின் ஏழாம் அத்தியாயம் ஒரு சொல்லில் வந்து முட்டி நிற்கிறது. இடம், கல்முனையில் ஆட்டக்கூடமாக மாற்றிய பழைய நெற்களஞ்சியம். 30 மீற்றர் நீளம், 12 மீற்றர் அகலம். கண்ணை மூடி மாட்டும் மெய்நிகர் ஹெட்செட் போட்ட பொடியன் ஒருவன் மெய்நிகர் உலகத்தில் கல்லடிப் பழைய பாலத்தால் நடந்து போகிறான். நேரே போவதாகத்தான் அவன் எண்ணம். எதிரணி ஹேக்கர் ஒருத்தி, அவன் காணும் உலகத்தைக் கொஞ்சங்கொஞ்சமாகத் திருப்பி, லொறிக்கு மூட்டை ஏற்றும் பக்கவாசல் விளிம்புக்கு அவனைக் கொண்டுவந்துவிடுகிறாள். அவனை யாரும் தொடவில்லை, கூப்பிடவில்லை. அவன் கால்தான் அவனைக் கொண்டுபோகிறது.

இது வெறும் கற்பனையில்லை. அமெரிக்காவின் நியூ ஹேவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்துகாட்டி 2019இல் வெளியிட்ட தாக்குதல். அவர்கள் வைத்த பெயர் ஹியூமன் ஜோய்ஸ்டிக். ஜோய்ஸ்டிக் என்பது கணனி ஆட்டத்தில் உருவை நகர்த்தச் சாய்க்கும் கைப்பிடி. வரைவில் அதை 'மனித விசைப்பிடி' என்று போட்டிருக்கிறோம். வாசித்துப் பார்த்தவர்களில் பாதிப்பேர் அது ஏதோ கையில் பிடிக்கும் கருவி என்று எடுத்துக்கொண்டார்கள். மந்திர வேலையில் வரும் 'ஏவல்' என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. மட்டக்களப்பாருக்கு உடனே பிடிபடும், உச்சரிக்கவும் சுகம். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். ஹேக்கரை ஹேக்கர் என்றே விடுகிறோம், அதில் விவாதம் வேண்டாம்.

கணனிப் பாதுகாப்பு, ஒலுவில்:

சொல் தேட முன்னம் செயலைப் பிரித்துப் பார்ப்பது நல்லது. இதில் இரண்டு படி இருக்கிறது, கதையில் இரண்டும் ஒன்றாகக் கலந்து கிடக்கிறது.

முதற்படி எல்லை. ஹெட்செட்டை அமைக்கும்போது ஆடக்கூடிய இடத்தின் சுற்றெல்லையை வரைந்து கொடுக்கிறோம். விளிம்பை நெருங்கினால் கண்முன்னே கம்பிவலை மாதிரிக் கோடுகள் எழும். அந்த எல்லை கணனியில் ஒரு கோப்பு, அவ்வளவுதான்: மூலைகளின் ஆள்கூறுகள். நியூ ஹேவன் குழு எடுத்துக்கொண்ட எச்டிசி வைவ் ஹெட்செட் தொகுதியில் அந்தக் கோப்புக்கு மறைகுறியாக்கம் இருக்கவில்லை. எண்களை மாற்றினால் எல்லை தூரப்போய்விடும், ஆளுக்கு எச்சரிக்கை வராது. வரைவில் இந்தப் படியே இல்லை. எல்லை அப்படியே இருக்க ஒருவன் விளிம்புக்குப் போனான் என்றால், ஹெட்செட் பாவித்த எவரும் நம்பமாட்டார்.

இரண்டாம் படி, காணும் உலகத்தை அவனுக்குத் தெரியாத அளவில் நகர்த்துவது. இது முதலில் தாக்குதலாக வந்ததல்ல. சிறிய அறைக்குள் பெரிய உலகத்தை நடந்து பார்க்க வைப்பதற்காக 2001இலேயே வட கரோலினாவில் செய்த நல்ல வேலை. எவ்வளவு நகர்த்தினால் பிடிபடாது என்பதை ஜேர்மனியில் ஸ்ரைனிக்கே குழு அளந்து 2010இல் எழுதியது. ஆள் நேரே நடப்பதாக நினைத்தபடியே 22 மீற்றர் ஆரையுள்ள வட்டவில்லில் நடப்பான். நின்ற இடத்தில் திரும்பும்போது, கண்ணுக்குத் தெரிவதைவிட உடம்பு 49 சதவீதம் கூடவோ 20 சதவீதம் குறையவோ திரும்பியிருக்கலாம், தெரியாது.

இனி வரைவின் கணக்கு. 'பத்து அடி வைத்ததும் விளிம்பு' என்று இருக்கிறது. பத்துக் காலடியென்றால் ஏறக்குறைய 7 மீற்றர். 22 மீற்றர் ஆரையில் 7 மீற்றர் நடந்தால் பக்கவிலகல் 1.1 மீற்றர்தான். நடுக்கோட்டில் புறப்பட்டவன் பக்கவாசலை எட்ட 6 மீற்றர் விலக வேண்டும். அதற்கு 16.6 மீற்றராவது நடக்க வேண்டும். அந்த வளைவு கூடத்தின் நீளத்தில் 15 மீற்றர் எடுக்கும், ஆகவே 30 மீற்றர் களஞ்சியத்துக்குள் அடங்கும். பாலம் நேரான பாலம் என்பது இங்கே பெரிய வாய்ப்பு. வளைந்த தெருவென்றால் பொடியன் தானே திரும்பிக்கொண்டிருப்பான், கணக்குக் குழம்பும்.

சொல்லைப் பற்றி: 'ஏவல்' வேண்டாம் என்பது என் பக்கம். காரணத்தைத் தம்பிலுவில் ரீச்சர் என்னைவிட நன்றாகச் சொல்வா.

தமிழ் ஆசிரியை, தம்பிலுவில்:

ஒலுவில் நானா சொல்வது சரி. ஏவல் என்றால் ஒரு சக்தியை ஒருவர்மேல் அனுப்புவது. அனுப்பப்பட்டது அவரை உள்ளே பிடித்து ஆட்டுகிறது. இந்தப் பொடியனை எதுவும் பிடிக்கவில்லை, அவன் புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது. பார்வை பொய் சொல்ல, கால் நேர்மையாக அதன்படி நடக்கிறது. ஏவல் என்று எழுதினால் வாசகர் மந்திரக்கதை என்று எடுத்துக்கொள்வார். பிறகு 22 மீற்றர் கணக்கைச் சொன்னாலும் அது காதில் ஏறாது.

நம்முடைய பக்கத்தில் இதற்குச் சரியான வினை ஒன்று நாளாந்தம் புழங்குகிறது: மாடு சாய்த்தல். முன்மாரி விதைப்புத் தொடங்க வட்டை வயல்வெளியிலிருந்து பட்டிகளை மேய்ச்சல்தரைக்குச் சாய்த்துக்கொண்டு போவார்கள். நல்ல பட்டிக்காரர் மாட்டை இழுப்பதுமில்லை, பின்னாலிருந்து அடிப்பதுமில்லை. முன்னந்தோளுக்குச் சற்றுப் பின்னே, பக்கவாட்டில் ஒரு அளவான தூரத்தில் நடப்பார். கிட்ட வந்தால் மாடு மறுபக்கம் விலகும், தள்ளிப்போனால் நேராகும். மாடு தன்பாட்டில் போவதாகவே போகும். ஹேக்கர் செய்வதும் இதுதான். ஜோய்ஸ்டிக்கையும் நாம் சாய்த்துத்தான் ஆளை நகர்த்துகிறோம், ஆகவே மூலச்சொல்லின் செயலும் உள்ளே வந்துவிடுகிறது.

என் முன்மொழிவு: ஆள்சாய்ப்பு.

எல்லைக்கு வேறு தேடத் தேவையில்லை. வரம்பு. வயலுக்கும் அளவுக்கும் பொதுவான சொல், வெட்டினால் தண்ணீர் போய்விடும் என்பது இங்கே பிள்ளைக்கும் தெரியும். முதற்படி 'வரம்பு வெட்டுதல்' ஆகட்டும்.

விளையாட்டுச் செய்தி, ஆரையம்பதி:

> என் முன்மொழிவு: ஆள்சாய்ப்பு.

வரம்பு மிக நல்லது. ஆள்சாய்ப்பு இடிக்கிறது, ரீச்சர். நாங்கள் ஒவ்வொரு நாளும் 'ஐந்து விக்கெட்டுகளைச் சாய்த்தார்' என்று எழுதுகிறோம். பகைவரைச் சாய்த்தான் என்றால் கொன்றான். 'ஹேக்கர் ஆளைச் சாய்த்தாள்' என்று அத்தியாயத்தில் வந்தால் பொடியன் செத்துப்போனான் என்றே வாசிப்பேன். அவன் சாகாமல் அடுத்த பக்கத்தில் எழும்பி வந்தால் குழப்பம்தான். மாட்டைச் சாய்த்தான் என்பதில் அந்தக் குழப்பம் இல்லை, ஏனென்றால் மாடு என்றதும் மேய்ச்சல் நினைவுக்கு வருகிறது. ஆள் என்றால் வேறு.

ஆட்ட நிரலாக்கம், கல்முனை:

சொல்லை ரீச்சரும் ஆரையம்பதி அண்ணனும் தீர்க்கட்டும். காட்சியில் இன்னும் மூன்று விசயம் இருக்கிறது, அவற்றுக்கும் பெயர் வேண்டிவரும்.

ஒன்று, நேர்நடையை மட்டும் நம்பினால் ஹேக்கருக்கு 16 மீற்றர் பொறுமை தேவை. திரும்பவைத்தால் வேகம். பாலத்தின் பக்கத்தில் தோணிக்காரர் ஒருவர் கூப்பிடட்டும். பொடியன் நின்று, உடம்போடு 90 பாகை திரும்பிப் பார்க்கிறான். அப்போது உலகத்தையும் கூடச் சுழற்றினால் நிலத்தில் அவன் திரும்பியது 72 பாகை. மீண்டும் பாதைக்குத் திரும்பும்போது எதிர்மாறாகச் செய்தால் 134 பாகை திரும்பிவிடுவான். ஒரு கூப்பிடலில் 62 பாகை பிசகு, அவன் கண்ணுக்கு எல்லாம் நேர். இவை உச்ச எண்கள். விழிப்பான ஆளுக்கு இதைவிடக் குறைவிலேயே சந்தேகம் வரும், கதையில் 40 பாகைக்குள் வைப்பது பாதுகாப்பு. இப்படித் திரும்பவைக்க வரும் பொருளை ஆய்வாளர்கள் டிஸ்ரக்டர் என்கிறார்கள். நாங்கள் பராக்கு என்று சொல்லலாம்தானே? பிள்ளைக்குப் பராக்குக் காட்டிச் சோறு தீத்துகிற அதே பராக்கு. 'தோணிக்காரர் ஒரு பராக்கு' என்று ஹேக்கர் சொன்னால் போதும், விளக்கமே வேண்டாம்.

இரண்டு, கண் இமைக்கும் நேரம். ஹெட்செட்டுக்குள் கண்ணைப் பார்க்கும் கமரா இருந்தால், இமை மூடியிருக்கும்போது உலகத்தை 2 முதல் 5 பாகை திருப்பலாம், 4 முதல் 9 சென்றிமீற்றர் நகர்த்தலாம், ஆள் உணர்வதில்லை என்று 2018இல் ஆய்வு வந்தது. நிமிடத்துக்கு 15 தடவை இமைப்பவன் 16 செக்கன் நடையில் நாலு தடவை இமைப்பான். 2 பாகைப்படி 8 பாகை. தனியே பெரிதில்லை, வளைவோடு சேர்ந்தால் உதவி.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: எதனால் பிடிபடும். ஹேக்கரின் நிரல் படத்தைத் தாமதப்படுத்தக் கூடாது. செக்கனுக்கு 90 படம் காட்டும் 90 ஹேட்ஸ் திரையில் ஒரு படத்துக்குக் கிடைப்பது 11.1 மில்லிசெக்கன். தலை அசைந்ததிலிருந்து படம் மாறும்வரை 20 மில்லிசெக்கனுக்குள் முடிய வேண்டும் என்பதுதான் பொதுவாக வைக்கும் வரையறை. செக்கனுக்கு 100 பாகை வேகத்தில் தலையைத் திருப்பினால், 20 மில்லிசெக்கன் பிந்திய படம் 2 பாகை பின்னால் நிற்கும். 50 ஆனால் 5 பாகை. தலை சுற்றி, வயிற்றைப் பிரட்டி, ஹெட்செட்டைக் கழற்றிவிடுவான். தாக்குதல் அதோடு சரி.

இன்னொன்று, களஞ்சியம் கல்முனையில் இருக்கிறது. கிழக்கு வாசல் திறந்திருந்தால் கடற்காற்று அடிக்கும். புறப்படும்போது இடக்கன்னத்தில் பட்ட காற்று பிடரியில் படத் தொடங்கினால் உடம்பு கண்டுபிடித்துவிடும். அதைவிட, பாங்கு, தொழுகைக்கான அழைப்பு. பள்ளிவாசல் ஒலிபெருக்கி நகராது. இரண்டு காதுக்கும் ஒலி வந்துசேரும் நேர வித்தியாசம் ஒரு மில்லிசெக்கனுக்கும் குறைவுதான், அதை வைத்தே மூளை இடமா வலமா என்று சொல்லிவிடும்; முன்னா பின்னா என்பதற்குத் தலை அசைவும் காதுமடலும் உதவும். ஹெட்செட்டின் காதுமூடி வெளிச்சத்தத்தை முழுதாக மறைக்காது. இடப்பக்கமிருந்து தொடங்கிய பாங்கு முடியும்போது பின்னாலிருந்து கேட்டால், பொடியனுக்கு விளங்கிவிடும். வரைவில் அவன் எப்படித் தப்புகிறான் என்பது தற்செயலாக இருக்கிறது. இதை வைத்தால் அவன் அறிவால் தப்பியதாகும். பிற்பகல் அஸர் பாங்குக்குச் சற்று முன்னே காட்சி தொடங்கட்டும்.

தமிழ் ஆசிரியை, தம்பிலுவில்:

தம்பி, பராக்கு அருமை. அதை யாரும் தொடக் கூடாது.

ஆரையம்பதித் தம்பியின் மறுப்பை ஏற்கிறேன். வினையில் பிழையில்லை, அது ஏற்கும் பொருளில்தான் பிழை. ஆளை எடுத்துவிட்டு நடையை வைப்போம்: நடைசாய்ப்பு. 'அவன் நடையைச் சாய்த்தாள்' என்றால் கொலை வாடை இல்லை, திசை மாறியது மட்டும் நிற்கிறது. தாக்கப்பட்டவனின் பக்கமிருந்து சொல்லும்போது 'அவன் நடை சாய்ந்தது'. அறையைச் சேமிக்க வடிவமைப்பாளர் செய்யும் நல்ல வேலைக்கு நடைவளைப்பு. பொறிமுறை ஒன்று, நோக்கம் வேறு. வாசகருக்கு இரண்டும் உறவென்று தெரிய வேண்டும், ஒன்றென்று தோன்றக் கூடாது.

இமைக்கும் நேரத்தில் செய்வதற்கு முதலில் 'மாத்திரைத் திருப்பம்' என்று யோசித்தேன். கண்ணிமையும் கைந்நொடியும் எடுக்கும் நேரத்தைத்தான் இலக்கணம் மாத்திரை என்கிறது. நமக்குக் குளிசை வேறு, மாத்திரை வேறு. ஆனால் தமிழகத்தில் வாசிப்பவருக்கு மருந்துதான் முன்னுக்கு வரும். 'இமைத்திருப்பம்' போதும்.

கணனிப் பாதுகாப்பு, ஒலுவில்:

நடைசாய்ப்புக்கு என் சம்மதம். ஒரு எச்சரிக்கை மட்டும். மெய்நிகர் உலகத்துக்குள் பாத்திரத்தை இழுத்துவைக்கும் பழைய ஹேக்குகளுக்கு, அதாவது சேவையகத்தை ஏமாற்றி எதிராளியை வேறிடத்தில் நிறுத்துவதற்கு, இந்தச் சொல்லைப் பாவிக்காதீர்கள். நாலாம் அத்தியாயத்தில் அப்படி ஒரு காட்சி இருக்கிறது. அங்கே நகர்வது உரு, மாறுவது தரவுத்தளத்தில் ஒரு வரி. நடைசாய்ப்பில் நகர்வது சதையும் எலும்பும். விழுந்தால் கால் முறியும். கதை சொல்ல வந்ததே இந்த வித்தியாசம் என்று நான் விளங்கிக்கொண்டேன்.

கதைத் தொகுப்பு, மட்டக்களப்பு:

அப்படியே, நானா. நாலாம் அத்தியாயத்தில் 'உருமாற்றிடம்' என்று இருப்பதைத் தொடவில்லை.

ஏழாம் அத்தியாயத்தின் திருத்திய பகுதி:

"முதலில் வரம்பை வெட்டினாள். கோப்பில் நாலு மூலை, நாலும் 10 மீற்றர் வெளியே. பொடியன் பாலத்தில் கால் வைத்ததும் நடைசாய்ப்பைத் தொடக்கினாள். ஆறு மீற்றர்வரை வளைவு மட்டும். பிறகு ஒரு பராக்கு: தோணிக்காரர் கைதட்டிக் கூப்பிட்டார். அவன் நின்று திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி நடந்தபோது, நடை 40 பாகை சாய்ந்திருந்தது. பாங்கு தொடங்கியபோது அது அவன் இடக்காதில் இருந்தது."

கணக்கைப் பார்த்தேன். ஆறு மீற்றரில் வளைவு தரும் திருப்பம் 15.6 பாகை, விலகல் 80 சென்றிமீற்றர். பராக்கோடு 55.6 பாகை. மிச்சம் 5.2 மீற்றர் விலக, அந்தத் திசையில் நேராகப் போனாலே 6.3 மீற்றர் நடை போதும். மொத்தம் 12.3 மீற்றர். ஆனால் பாங்கு முழுவதையும் அவன் கேட்க வேண்டுமென்றால் 12 மீற்றர் நடை காணாது, அது சில நிமிடம் நீளும். ஆகவே தோணிக்காரரோடு நாலு வார்த்தை பேசவைக்கிறேன். பாங்கு தொடங்குவதைப் பராக்குக்கு முன்னே கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் திசை மாறியது அவனுக்குக் கேட்காது. மேலுள்ள கடைசி வசனம் அதனால் இடம் மாறும்.

கல்முனைத் தம்பி, பக்கவாசலிலிருந்து பார்க்க எந்தப் பள்ளிவாசல் சத்தம் எந்தப் பக்கம் கேட்கும் என்று ஒரு படம் கீறி அனுப்புங்கள். மற்றவர்கள், 'சாய்த்தாள்' என்பது 'நடை' இல்லாமல் தனியே நிற்கும் இடம் கண்ணில் பட்டால் பக்க எண்ணோடு எழுதுங்கள்.